டாக்காவிலிருந்து வந்த தந்தி

வல்லரசும் அதன் தூதர்களும்: வரலாற்றுத் தொடர், அத்தியாயம் 12

வியட்நாம் யுத்தத்தை 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் கம்போடியாவுக்குள்ளும் விரித்துவிட்ட ஜனாதிபதி நிக்ஸனின் முடிவைக் கண்டித்து, அமெரிக்க ராஜாங்க இலாகாவைச் சேர்ந்த ஏறத்தாழ 250 பேர் கையெழுத்திட்டு மகஜர் கொடுத்ததையும், அதனால் ஜனாதிபதி அடைந்த சினத்தையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் கொந்தளிப்பை அடக்கவும், அதே சமயத்தில் மனச்சாட்சியுள்ள உத்தியோகஸ்தர்கள் ராஜிநாமா செய்துவிட்டுப் பத்திரிகைகளிடம் போய் முறையிடுவதைத் தவிர்க்கவும் கருதி, ராஜாங்கக் காரியதரிசி வில்லியம் ராஜர்ஸ் 1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு புது வழியைத் திறந்துவைத்தார். சர்க்காரின் வெளிநாட்டுக் கொள்கையில் உடன்பாடில்லாத எந்தத் தூதரக உத்தியோகஸ்தரும், அவர் எவ்வளவு இளையவராயிருந்தாலும், தம் மறுப்பை எழுத்தில் வடித்து வாஷிங்டனுக்கு அனுப்பலாம்; மேலதிகாரி அதைத் தடுக்கலாகாது; அனுப்பியவரைத் தண்டிக்கவும் கூடாது. இந்த ஏற்பாட்டின் மை உலர்வதற்குள்ளாகவே அதற்கு ஒரு கடும் பரீட்சை வந்து சேர்ந்தது. அந்தப் பரீட்சை நடந்த இடம், அமெரிக்கப் பொதுஜனங்களில் மிகப் பலர் வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்த கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகரான டாக்கா.

இரு சிறகு ராஜ்யம்

1947-ஆம் ஆண்டில் பாகிஸ்தான் பிறந்தபோதே, ஆயிரம் மைல் அகலமான இந்திய பூமியை இடையில் வைத்து இரண்டு துண்டுகளாகத்தான் பிறந்தது. ஜனத்தொகையில் பாதிக்கு மேல் கிழக்கே இருந்தது. ராணுவமும், உயர் உத்தியோகங்களும், தலைநகரும் மேற்கே இருந்தன. வங்காளத்துக் குடியானவன் விளைவித்த சணல் கடல் கடந்து போய் ஈட்டி வந்த அந்நியச் செலாவணி, பெரும்பாலும் மேற்கிலேயே செலவாயிற்று என்ற மனக்கசப்பு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து வந்தது. அந்நிலையில் 1970 நவம்பர் 12 இரவு, வங்காள விரிகுடாவில் எழுந்த பெரும்புயல் கடலையே கரைமேல் ஏற்றிவிட, மூன்று லட்சத்துக்குக் குறையாத உயிர்கள் மாண்டன என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பேரழிவின்போது இஸ்லாமாபாத் காட்டிய மந்தமும் அலட்சியமும், ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த நெஞ்சங்களில் நெருப்பை மூட்டின.

அடுத்த மாதம் டிசம்பர் 7-ஆம் தேதி, ராணுவத் தளபதியும் ஜனாதிபதியுமான யாஹ்யா கான் வாக்களித்திருந்தபடி, பாகிஸ்தானின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக வயது வந்தோர் எல்லாரும் வாக்களிக்கும் தேசியப் பொதுத்தேர்தல் நடந்தது. கிழக்கே இருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கைப்பற்றியது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனங்களையும் சேர்த்து, 313 பேர் கொண்ட தேசிய சபையில் 167 பேர் அக்கட்சியினர். ஜனநாயகத்தின் சாதாரணக் கணக்குப்படி முஜிபுரே பிரதம மந்திரியாக வேண்டும். ஆனால் மேற்கே அதிக ஆசனங்களைப் பெற்ற ஸுல்பிகர் அலி புட்டோ சபைக்கு வர மறுத்தார். மார்ச் 3-ஆம் தேதி டாக்காவில் கூடவிருந்த சபையை யாஹ்யா கான் மார்ச் 1-ஆம் தேதி ஒத்திவைத்தார். கிழக்கு வங்காளம் முழுவதும் கடைகள் அடைபட்டன, காரியாலயங்கள் ஓய்ந்தன. டாக்காவில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், இந்திய வானம் தங்களுக்கு மூடப்பட்டுவிட்டதால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு, கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, பாகிஸ்தான் விமானங்கள் மேற்கிலிருந்து துருப்புக்களைக் கொண்டுவந்து இறக்கிய வண்ணமிருந்தன.

இவற்றையெல்லாம் கவனித்து வாஷிங்டனுக்கு எழுதும் பொறுப்பு, டாக்காவில் அமெரிக்க கான்ஸல் ஜெனரலாக இருந்த ஆர்ச்சர் பிளட் என்பவருடையது. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் கடற்படையில் பணியாற்றி, 1947-ல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து வந்தவர் அவர். 1960-களின் தொடக்கத்தில் ஒரு முறை அந்நகரிலேயே வேலை பார்த்தவராதலால் அவ்வூர் மக்களையும் அவர்கள் மனத்தையும் அறிந்தவர். புரட்சிக்காரரின் சுபாவம் அவருக்குக் கிடையாது. ஒழுங்கான உத்தியோகஸ்தர், என்றேனும் ஒரு நாள் ஒரு தேசத்தில் தூதராக அமரவேண்டும் என்று நியாயமாகவே ஆசை வைத்திருந்தவர். இத்தகைய மனிதர் என்ன செய்தார் என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது.

மார்ச் 25 இரவு

1971 மார்ச் 25-ஆம் தேதி இரவு பிளட் தம்பதிகளின் இல்லத்தில் விருந்து நடந்தது. வந்தவர்கள் வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்தது. ஏனெனில், யாஹ்யா கான் சொல்லிக்கொள்ளாமல் விமானமேறிப் போய்விட்டிருந்த அந்த இரவில், பாகிஸ்தான் ராணுவம் டாங்கிகளோடும் பீரங்கிகளோடும் நகருக்குள் புகுந்துவிட்டது. மொட்டை மாடியில் ஏறி நின்ற அமெரிக்கர்கள், நகரத்தின் பல திக்குகளிலும் தீ எழுவதையும், வெளிச்சக் குண்டுகள் கோடு கோடாக வானத்தைக் கிழித்துச் செல்வதையும், இயந்திரத் துப்பாக்கிகளின் ஓசை விட்டுவிட்டுக் கேட்பதையும் கண்டும் கேட்டும் செய்வதறியாது நின்றார்கள். ராஜர்பாக் போலீஸ் முகாம் தாக்கப்பட்டது. சர்வகலாசாலையில் ஹிந்து மாணவர்கள் தங்கியிருந்த ஜகந்நாத் ஹாலும், அரசியல் மாணவர்கள் நிறைந்த இக்பால் ஹாலும் சுடுகாடாயின. தத்துவப் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவ் முதலிய ஆசிரியர்கள் கொல்லப்பட்டனர். பழைய டாக்காவின் நெருக்கமான சந்துகளில் ஹிந்துக்கள் வாழ்ந்த பகுதிகள் தீக்கிரையாயின. முஜிபுர் ரஹ்மான் கைதாகி மேற்கே கொண்டு செல்லப்பட்டார்.

அயல்நாட்டு நிருபர்களை ஹோட்டலில் அடைத்துவைத்து, அவர்கள் குறிப்புகளையும் படச்சுருள்களையும் பறித்துக்கொண்டு, ராணுவம் நாடு கடத்திவிட்டது. தந்தியும் தொலைபேசியும் அறுபட்டிருந்த அந்நகரிலிருந்து, கான்ஸல் காரியாலயத்தில் இருந்த வயர்லெஸ் கருவியின் வழியாக பிளட் நாள்தோறும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய சகாக்கள் நகரெங்கும் சுற்றிப் பார்த்தார்கள். சர்வகலாசாலைக்குப் போய் வந்தார்கள். அகப்பட்ட வங்காளிகளுக்குத் தங்கள் வீடுகளிலேயே ரகசியமாக அடைக்கலம் கொடுத்தார்கள். மார்ச் 28-ஆம் தேதி பிளட் அனுப்பிய தந்தியின் தலைப்பே, தேர்ந்தெடுத்து நடத்தப்படும் இனக்கொலை என்பது. புதுடில்லியில் தூதராக இருந்த கென்னத் கீட்டிங், நிக்ஸனின் குடியரசுக் கட்சியையே சேர்ந்த முன்னாள் ஸெனட்டர். அவரும் அதே சொல்லை எடுத்தாண்டு, அமெரிக்கா இதைக் கண்டித்தாக வேண்டுமென்று எழுதினார். இஸ்லாமாபாத்தில் இருந்த தூதர் ஜோஸப் பார்லண்ட், இது பாகிஸ்தானின் உள்நாட்டு விவகாரம், நாம் தலையிடலாகாது என்றார். வாஷிங்டனிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

மேற்கிலிருந்து துருப்புக்களை ஏற்றிவந்த பாகிஸ்தான் விமானங்களிலேயே, ஏப்ரல் முதல் வாரத்தில், அமெரிக்கக் குடும்பங்கள் டாக்காவை விட்டு வெளியேறின. மனைவி மக்களை அனுப்பிவிட்டுக் காரியாலயத்தில் எஞ்சி நின்றவர்கள் ஏப்ரல் 6-ஆம் தேதி ஒரு தந்தியை எழுதி முடித்தார்கள். ஜனநாயகம் நசுக்கப்படுவதை நமது சர்க்கார் கண்டிக்கத் தவறிவிட்டது. அட்டூழியங்களைக் கண்டிக்கத் தவறிவிட்டது. சொந்தப் பிரஜைகளைக் காக்கத் திடமான நடவடிக்கை எடுக்கத் தவறிவிட்டு, மேற்குப் பாகிஸ்தான் ஆட்சியைச் சமாதானப்படுத்துவதிலேயே முனைந்து நிற்கிறது. சோவியத் யூனியன்கூட ஜனநாயகத்துக்காகப் பரிந்து பேசி யாஹ்யா கானுக்கு எழுதியிருக்கும்போது நாம் வாய்மூடியிருப்பது தர்மநெறியில் நமது ஓட்டாண்டித்தனத்தையே காட்டுகிறது என்பதே அதன் கருத்து. அடியில் இருபது பேரின் பெயர்கள் இருந்தன.

பிளட் நினைத்திருந்தால் அந்தத் தந்தியை வெறுமனே அனுப்பிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கலாம். ராஜர்ஸ் வகுத்த விதியும் அதற்கு மேல் அவரிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் அவர் அதன் அடியிலேயே தம் சொந்தக் குறிப்பைச் சேர்த்தார். காரியாலயத்தின் தலைவர் என்ற முறையில் தாம் கையெழுத்திடுவது முறையாகாது என்றாலும், அக்கருத்துகள் தமக்கும் உடன்பாடே என்றும், கையெழுத்திட்டவர்கள் கிழக்குப் பாகிஸ்தானில் உள்ள அமெரிக்க உத்தியோகஸ்தர்களுள் மிகச் சிறந்தவர்கள் என்றும் எழுதினார். அத்துடன் நில்லாமல், இப்போராட்டம் பெரும்பாலும் வங்காளிகளின் வெற்றியிலும் சுதந்திர பங்களாதேஷின் உதயத்திலுமே போய் முடியும் என்றும், தோற்கப்போகிற பக்கத்தோடு நம்மைப் பிணைத்துக்கொள்வது மதியீனம் என்றும் நயமாக உணர்த்தினார். அறத்தின் குரலும் அரசியல் கணிப்பும் ஒரே காகிதத்தில் சேர்ந்திருந்தன. வாஷிங்டனில் தெற்காசிய விவகாரங்களில் தேர்ந்த ஒன்பது அதிகாரிகள் அன்றைய தினமே அதை ஆதரித்து ராஜர்ஸுக்குக் கடிதம் கொடுத்தார்கள். தாம் திறந்துவைத்த வழியே வந்த அந்தத் தந்தியைக் கண்டு ராஜர்ஸ் கோபமுற்றார்; அது பலர் கைக்கும் எட்டும்படி அனுப்பப்பட்டு, ஸெனட்டர்கள் காதுக்கும் போய்விடுமே என்பதுதான் அவர் கவலையாயிருந்தது.

டாக்காவுக்குத் தெரியாத ரகசியம்

டாக்காவிலிருந்த இருபத்தொரு பேருக்கும், ராஜாங்க இலாகாவில் ஏறக்குறைய எல்லாருக்குமே தெரியாத ஒரு விஷயம் வெள்ளை மாளிகையில் நடந்துகொண்டிருந்தது. 1949-லிருந்து அமெரிக்காவுக்கும் கம்யூனிஸ்ட் சீனாவுக்கும் முறையான ராஜதந்திர உறவு கிடையாது. 1969-ல் சீனாவும் ரஷ்யாவும் தம் எல்லையில் துப்பாக்கிப் பிரயோகம் செய்துகொண்ட பிறகு, பீக்கிங்கின் கதவைத் தட்டினால் திறக்கும் என்று நிக்ஸன் கணித்தார். அந்தத் தட்டலை ரகசியமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்தவர் யாஹ்யா கான். சீனப் பிரதமர் சூ என் லாய் அனுப்பிய சாதகமான பதில், பாகிஸ்தானின் தூதர் மூலமாக 1971 ஏப்ரல் 27-ல் வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் பாகிஸ்தான் விஷயமாகத் தம் ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் சமர்ப்பித்த அறிக்கையின் மேல், யாஹ்யாவை இத்தருணத்தில் நெருக்கவேண்டாம் என்று எல்லாருக்கும் ஆணையாக நிக்ஸன் தம் கைப்பட எழுதி, ‘வேண்டாம்’ என்பதை மும்முறை அடிக்கோடிட்டார். ஜூலை மாதம் ராவல்பிண்டிக்கு வந்த கிஸ்ஸிங்கர், வயிற்றுக் கோளாறு என்ற சாக்கில் மலை வாசஸ்தலம் ஒன்றில் ஓய்வெடுப்பதாக உலகை நம்பவைத்துவிட்டு, 9-ஆம் தேதி விடியற்காலையில் பாகிஸ்தான் விமானத்தில் பீக்கிங்குக்குப் பறந்தார். ராஜாங்கக் காரியதரிசியான ராஜர்ஸுக்கே, அவர் புறப்படும் தறுவாயில்தான் விஷயம் தெரியவந்தது.

சீனாவோடு உறவு ஏற்பட்டது உலக சரித்திரத்தில் ஒரு பெரிய காரியம் என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஒரு நூற்றாண்டின் போக்கையே அது மாற்றியது. அணு ஆயுதங்களை ஏந்திய பெரு வல்லரசுகளுக்கிடையே பேச்சுக்கு இடம் உண்டாக்கியது. இவ்வளவு பெரிய லாபத்தை நாடுகிற அரசன், சிறிய நஷ்டங்களைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்று வாதிடுவோரின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். ஆனால் அப்படி எடைபோடும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. முதலாவதாக, யாஹ்யா கானைத் தவிர வேறு தூதே இல்லையா? ருமேனியா வழியாகவும் பீக்கிங்கோடு செய்திப் பரிமாற்றம் நடந்துகொண்டுதான் இருந்தது. இரண்டாவதாக, ஜூலைப் பிரயாணம் முடிந்து, 15-ஆம் தேதி நிக்ஸன் அதை உலகுக்கே அறிவித்து, அதன் பிறகு பீக்கிங்கோடு பாரிஸ் மூலமாகவே நேரடித் தொடர்பு வைத்துக்கொண்டபின், இஸ்லாமாபாத்தைச் சார்ந்திருக்கவேண்டிய அவசியம் ஏது? அவசியம் தீர்ந்த பிறகும் கொள்கை மாறவில்லை. மூன்றாவதாக, ஆயுதமும் பொருளுதவியும் அளித்துவந்த நண்பன் தனியறையில் ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்லியிருந்தால் யாஹ்யா கேட்டிருக்கமாட்டார் என்று எவர் உறுதி கூறமுடியும்? அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்கவே இல்லை என்பதுதான் நம் நெஞ்சை அறுக்கும் குற்றச்சாட்டு.

சர்க்கார் மௌனமும் ஜனங்களின் குரலும்

சர்க்கார் வாய் திறவாமலிருந்தபோது அமெரிக்க ஜனங்கள் வாய் திறந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். ஆயுதங்கள் அனுப்பப்படவில்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருக்க, பாகிஸ்தானியக் கப்பல்களில் அவை ஏறிப் போகின்றன என்று ஜூன் 22-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஜூலையில் ‘பத்மா’ என்ற சரக்குக் கப்பல் பால்டிமோர் துறைமுகத்தை நெருங்கியபோது, குவேக்கர் சமயத்தினரும் அவர்களுடைய நண்பர்களும் சின்னஞ்சிறு துடுப்புப் படகுகளில் ஏறிக்கொண்டு அந்தப் பெருங்கப்பலின் வழியை மறிக்கப் போனார்கள். போலீஸார் அவர்களில் சிலரைக் கைது செய்தார்கள். கப்பலும் கரை சேர்ந்தது. ஆனால் டாக்காவில் எவரும் கண்டறியாத அந்தப் படகோட்டிகள், டாக்காவிலிருந்து சென்ற தந்தியின் பொருளைத்தான் தண்ணீரின் மேல் எழுதிக் காட்டினார்கள். ஆகஸ்டில் ஸெனட்டர் எட்வர்ட் கென்னடி மேற்கு வங்காளத்து அகதி முகாம்களில் சேற்றிலும் மழையிலும் நடந்து, கண்டதைத் தம் நாட்டுக்கு எடுத்துரைத்தார். வருஷ முடிவுக்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்தவர்கள் சுமார் ஒரு கோடி.

பிளட் சொன்னபடியே யாவும் நடந்தன. அமெரிக்காவின் சாய்வைக் கண்டு அஞ்சிய இந்தியா, ஆகஸ்ட் 9-ஆம் தேதி சோவியத் யூனியனோடு இருபது வருஷ உடன்படிக்கை செய்துகொண்டது. ரஷ்யச் செல்வாக்கைத் தெற்காசியாவில் நுழையவிடாமல் தடுக்கவேண்டும் என்று வாஷிங்டன் எண்ணியதற்கு நேர் எதிரான பலன் இது. டிசம்பர் 3-ஆம் தேதி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம் மூண்டது. வியட்நாம் கடலிலிருந்து ‘எண்டர்பிரைஸ்’ என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்புமாறு நிக்ஸன் கட்டளையிட்டார். அது விரிகுடாவுக்குள் நுழைந்த மறுநாள், டிசம்பர் 16-ஆம் தேதி, மார்ச் 7-ல் முஜிபுர் ரஹ்மான் பல லட்சம் ஜனங்களின் முன் முழங்கிய அதே டாக்கா பந்தய மைதானத்தில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளாயினர். ஒரு வார்த்தையால் செய்யக்கூடியதைச் செய்ய மறுத்த வல்லரசு, ஒரு கடற்படையால் செய்ய முயன்று தோற்றது. 1972 ஏப்ரல் 4-ஆம் தேதி, டாக்காத் தந்தி புறப்பட்டு ஓராண்டு நிறைவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, அமெரிக்கா பங்களாதேஷை அங்கீகரித்தது.

ஆனால் அந்த அங்கீகாரத்தை முன்கூட்டிச் சொன்ன மனிதர் டாக்காவில் இல்லை. பிளட் 1971 ஜூன் மாதத்திலேயே அங்கிருந்து அகற்றப்பட்டு, வாஷிங்டனில் உத்தியோகஸ்தர் நியமனங்களைக் கவனிக்கும் பிரிவில் அமர்த்தப்பட்டார். கிஸ்ஸிங்கர் பதவியிலிருந்த காலம் முழுவதும் அவருக்கு உயர்வு என்பது எட்டாக்கனியாயிற்று. தூதராகவேண்டும் என்ற ஆசை கடைசிவரை நிறைவேறவேயில்லை. சகோதர உத்தியோகஸ்தர்களின் சங்கம், நேர்மையான மறுப்புக்காக அளிக்கும் ஹெர்ட்டர் பரிசை அந்த வருஷமே அவருக்கு வழங்கிக் கௌரவித்தது. 2004 செப்டம்பரில் கொலராடோவில் அவர் காலமானபோது, அவரைத் தன்னுடைய தேசத்தின் நண்பர் என்று நினைந்து மிகுதியாக வருந்தியது டாக்காதான். மறு வருஷம் டாக்காவிலுள்ள அமெரிக்க நிலையத்தின் நூல்நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்தரங்கக் காகிதங்களும் வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகளும் வெளிவந்த பின்னரே, அவருடைய தந்தி எத்தகைய ரகசியத்தின் எதிரே போய் மோதியது என்பதை உலகம் அறிந்தது.

நமது தீர்ப்பு

வெளிநாட்டு விவகாரங்களில் அமெரிக்கா அடைந்த தோல்விகளைச் சொல்லும்போது, அது பிற தேசங்களை அறியவில்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். 1971-ஐப் பொறுத்தமட்டில் அது உண்மையன்று. அவ்வூர் நிலவரத்தை ஐயந்திரிபற அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அறிந்ததைத் தாமதமின்றி எழுதினார்கள். எழுதியது வாஷிங்டனுக்குப் போயும் சேர்ந்தது. குறை இருந்தது, கேட்கவேண்டியவர்களிடத்திலேதான். ஒரு மகத்தான தேசத்தின் கொள்கை முழுவதையும் இரண்டு மனிதர்களின் நெஞ்சுக்குள் பூட்டிவைத்தபடியால், நடப்பதைக் கண்டவர்களுக்குக் கொள்கையின் காரணம் தெரியவில்லை. காரணத்தை அறிந்தவர்களுக்கு நடப்பதைக் காண மனமில்லை. இவ்விரண்டும் ஒரே மேஜையில் சந்தித்திருந்தால், சீனாவையும் அடைந்து, வங்காளத்தையும் கைவிடாத ஒரு மார்க்கம் தோன்றியிருக்கக்கூடும். சந்திக்கவிடாமல் வைத்தது நிக்ஸனும் கிஸ்ஸிங்கரும் செய்த பெரும் பிழை என்பதே இந்தச் சரித்திரக்காரனின் தீர்ப்பு.

ராஜர்ஸ் திறந்த அந்த மறுப்புரை வழி, அதன் பிறகு வந்த அரசாங்கங்களாலும் மூடப்படாமல், இன்றளவும் அமெரிக்க ராஜாங்க இலாகாவில் இருந்து வருகிறது. தந்தியை அனுப்பும் உரிமையைச் சட்டம் கொடுக்கலாம். அதைப் படித்து மனம் மாறும் பண்பை எந்தச் சட்டமும் கொடுக்கமுடியாது. டாக்காவில் படித்த பாடத்தை வாஷிங்டன் மறந்துவிட்டதா, இல்லையா என்பதை அடுத்த அத்தியாயத்தில், 1978-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மன்னர் ஷாவின் சிம்மாசனம் ஆட்டம் கண்டிருந்த டெஹ்ரான் நகரில், தூதர் வில்லியம் ஸலிவன் தம் தலைநகருக்கு எழுதிய எச்சரிக்கையோடு தொடர்ந்து பார்ப்போம்.